வேறு பிரவுசரில் திறக்கவும்

“குறியீடு காலாவதியாகிவிட்டது” என்றது லேப்டாப்பின் கறுப்புத் திரை, மூன்றாவது முறையாக. மணி மூன்று நாற்பத்தாறு. நான்கைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள்.

வேலைத் தேர்வுக்காக மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் ஸ்வரூபாவின் லேப்டாப்பில் தயாராக இருந்தது. அனுப்பத்தான் வழியில்லை. லாகின் செய்ய வேறொரு பக்கத்தை பிரவுசரில் திற, இந்த எட்டு எழுத்தைப் போடு, ‘அனுமதி’யை அழுத்து என்றது திரை. அவளுடைய கிழட்டு லேப்டாப்பில் பிரவுசர் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. செல்போனில் தட்டி முடிப்பதற்குள் ஐந்து நிமிடக் கெடு ஓடிப்போனது.

“இது சைபரா, ஓவா? இதைக் கண்டுபிடிச்சவன் கையில கிடைச்சான், கடிச்சுத் துப்பிருவேன்!”

அமீர்பேட்டை விடுதியின் பக்கத்துக் கட்டிலில் தேஜஸ்வி சிரித்தாள். அவளும் இதே வேலைக்குப் பெயர் கொடுத்தவள்தான். காலையில் தன் லேப்டாப்பில் லாகின் செய்து கேள்வியைத் திறந்து பார்த்ததோடு சரி.

“உனக்கென்னடி, சிரிப்ப. இது கிடைக்கலன்னா வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறுன்னுட்டாரு எங்கப்பா. இன்ஜினியரிங் படிச்சது பருத்தி எடுக்கவா?”

“அம்மா தாயே, கத்தாத. இந்தா, என் லேப்டாப்புல அடி.”

பக்கம் பளிச்சென்று திறந்தது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. எட்டு எழுத்து, ‘அனுமதி’. “முடிந்தது, இந்தப் பக்கத்தை மூடலாம்.”

ஸ்வரூபா தன் கட்டிலுக்குப் பாய்ந்தாள். கறுப்புத் திரை இன்னும் காத்துக்கொண்டே இருந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்குத்தான் அசைந்தது. அனுப்பினாள். “பெறப்பட்டது.”

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை மதியம் கம்பெனியிலிருந்து ஒரே வரி வந்தது: ‘நீங்கள் எதையும் அனுப்பவில்லை.’

உடனே போன் போட்டாள். “பெறப்பட்டதுன்னு உங்க திரைதான சார் சொல்லுச்சு? படம் பிடிச்சு வச்சிருக்கேன்!”

“படத்துல உங்க பேரு இருக்காம்மா?”

“பேரு எங்க சார் காட்டுச்சு?”

“உங்க பேர்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா. அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்க.”

ஸ்வரூபா பெட்டியை இழுத்து, துணிகளை மடிக்காமலே திணித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு தேஜஸ்வி வந்தாள், கையில் செல்போன், முகத்தில் குழப்பம்.

“ஏய் ஸ்வரூபா, நான் எதையுமே அனுப்பலையேடி… எனக்கு எப்படி வேலை கிடைச்சுது?”