ஒன்பதாவது பாட்டில்

"சனியன் பிடிச்ச மாம்பழம்!"

அவள் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். மறுபடியும் தண்ணீராய் ஓடியது.

எசென்ஸைக் குறைத்தால் வாசனையே இல்லை என்பார். கூட்டினால் நீர்த்துப்போய்த் தொலைகிறது. அவளும் என்னதான் செய்வாள்?

கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் அவள் புருஷன் லோகநாதன். இருபத்தெட்டு வருஷச் சிகரெட். இனி ஒன்றைத் தொட்டாலும் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான் வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினார்.

அதில் ஊற்றும் திரவத்தைக் கடையில் வாங்க வேண்டாம், நானே கலக்கித் தருகிறேன் என்று வலியப் போய் மாட்டிக்கொண்டது அவள்தான்.

காரணம் இருந்தது. பாட்டிலுக்குப் பாட்டில் நிக்கோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தாள்.

அவருக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் குறை சொல்ல.

தர்பூசணி வாசனை போட்டது ஒழுகுகிறதாம். சட்டைப்பையெல்லாம் பிசுபிசுப்பாம்.

சரியென்று கஸ்டர்டுக்குக் கிளிசரினைத் தூக்கலாக விட்டாள். களி மாதிரி இருக்கிறதாம். பஞ்சில் ஊறாமல் கருகுகிறதாம்.

ஒரு நாள் அவரே அலமாரியிலிருந்த ரோஸ் சிரப்பை எடுத்து ஊற்றிவிட்டார். உள்ளே இருந்த கம்பிச்சுருள் பாகு பிடித்துக் கறுத்துப்போனது.

"நீ கலக்கினதுதான் சரியில்ல," என்றார்.

அன்றைக்கு அவள் கேட்ட கேள்வி பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

மூன்று மாதம். எட்டு பாட்டில். எட்டுக்கும் வசவு.

ஒன்பதாவது, லிச்சி. திங்கட்கிழமை காலை வேப்பில் ஊற்றிக் கொடுத்தாள். அதில் நிக்கோட்டின் துளிகூட இல்லை.

எப்படியும் திட்டப்போகிறார். அதனால்தான் வியாழக்கிழமையே பத்தாவதாக இந்த மாம்பழத்தைக் கலக்க உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து வந்தவர் வேப்பை மேசைமேல் வைத்தார்.

"இந்திராணி, இது பிரமாதம். பதமும் சரி, வாசனையும் சரி. இனிமே இதையே கலக்கு."



கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பிரமாதம் வந்ததில்லை. நிக்கோட்டின் இல்லாததை நன்றாயிருக்கிறது என்கிறாரே! அப்பாடா, பிழைத்தார் மனுஷன். மாம்பழத்தைத் தொட்டியில் கொட்டினாள்.

அவர் குளிக்கப் போனார்.

நிரப்பி வைக்கலாம் என்று லிச்சி பாட்டிலைத் திறந்து, வேப்பைக் கையில் எடுத்தாள்.

ஊற்ற இடமில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திங்கட்கிழமை அவள் ஊற்றிய அளவு அப்படியே நின்றது.

நாலு நாளாய் இதை இழுக்கவேயில்லை. அப்படியென்றால் மறுபடியும் சிகரெட்!

குளியலறைக் கதவை ஓங்கித் தட்டினாள்.

"வெளிய வாங்க! வந்து இதுல ஏதாவது குறை சொல்லுங்க!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.