பெரியண்ணன் உள்ளே வந்த நேரம்

செத்து மூன்று மாதமான பெரியண்ணன், போன வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பதினைந்துக்கு லாகின் செய்து, ஒன்று ஐம்பதுக்கு வெளியேறியிருந்தார்.

சர்வர் அறையில் நின்றபடி பென்சன் அந்தப் பதிவுத் தாளை மறுபடி பார்த்தார். அதற்கு முந்தைய செவ்வாயும் அதே நேரம். அதற்கு முந்தைய வெள்ளியும். எல்லாமே பட்டியல் பிரிவின் மூலையில் இருக்கும் பதினோராம் கம்ப்யூட்டரில். அங்கே வேலை பார்த்த பெரியண்ணனின் மேஜை.

டெல்லியில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் பென்சனின் பொறுப்பு. வருகிற சனிக்கிழமை பழைய சர்வரை மாற்றுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்களின் ஐடி ஒன்றுகூடப் புதியதில் இருக்கக் கூடாது என்று தலைமை நூலகர் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

"மாலா, பதினொண்ணுல இப்ப யாரு வேலை பாக்குறது?"

பட்டியல் பிரிவு மாலாவின் முகம் மாறியது. "யாரும் இல்ல சார். ஆனா லஞ்ச்ல சத்தம் கேக்குது. ஒரு டொக். ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு டொக். பெரியண்ணன் சார் அப்படித்தான் ஒத்தை விரல்ல அடிப்பார். நான் இப்பல்லாம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடிடறேன்."

மறுநாள் செவ்வாய். ஒன்றே காலுக்குப் பென்சன் பட்டியல் பிரிவுக்குள் நுழைந்தார். விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மின்விசிறிகூட ஓடவில்லை. ஜூலைப் புழுக்கத்தில் பழைய காகித வாடை கனத்துக் கிடந்தது.

டொக்.

பென்சன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டொக்.

மூலையில் திரையின் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது தடித்த கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி. பெரியண்ணனின் கண்ணாடி. "அண்ணாச்சி..." என்று பென்சனின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கண்ணாடி அவர் பக்கம் திரும்பியது.

"நான்தான் தம்பி," என்றாள் பெரியண்ணனின் மனைவி தமிழ்செல்வி.

"அக்கா! நீங்களா?"

"அவரு கண்ணாடியப் போட்டாத்தான் எனக்கு எழுத்து தெரியுது. முன்ன சனிக்கிழமையில செழியன் லெட்டரைப் படிக்க என்னைக் கூட்டிட்டு வருவாரில்ல? அந்தப் பழக்கத்துல கேட்ல காவலுக்கு நிக்கிற சௌக்கிதார் பையா ஒண்ணும் கேக்காம விட்டுடறாரு. பாஸ்வேர்டும் அவரு சொல்லிக் குடுத்ததுதான்."

அவர்களின் ஒரே மகன் இளஞ்செழியன் வானிலைத் துறையில் வேலை செய்தான். அண்டார்டிகாவில் இந்திய முகாமுக்குப் போயிருந்தான். டிசம்பரில் கப்பல் வரும்வரை அங்கிருந்து யாரும் திரும்ப முடியாது. வாரத்துக்கு இரண்டு முறை மெயில் மட்டும் போய்வரும்.

"அப்பா போனத அவங்கிட்ட சொல்லல தம்பி. அங்க இப்ப சூரியனே வராதாம். அந்த இருட்டுல தெரிஞ்சா புள்ள என்ன ஆவான்? அவன் ஆபீஸ்லயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சிட்டு வந்தேன். அவரு எழுதற மாதிரி நானே எழுதறேன்."

பென்சன் குனிந்து திரையைப் படித்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். மேலே மகனின் கடிதம்: 'அம்மா நேரத்துக்குச் சாப்பிடறாங்களா? ராத்திரி தூங்கறாங்களா? தனியா விடாதீங்க. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்காவது போய்ட்டு வரச் சொல்லுங்க.' கீழே பாதி எழுதிய பதில்: 'எனக்கு பிரஷர் பரவாயில்லை. அம்மா நல்லா இருக்கா.'

"அக்கா, சனிக்கிழமையோட இந்த ஐடி, மெயில் எல்லாம் போயிடும். என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "டிசம்பர் வரைக்கும் அவரு இருந்துட்டுப் போகட்டுமே தம்பி."

பென்சனால் அங்கே நிற்க முடியவில்லை.

அவர் காலேஜில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நாகர்கோவிலில் அவருடைய அப்பா இறந்தார். படிப்பு கெடும் என்று பதினொரு நாள் மறைத்துவிட்டார்கள். கல்லறையைத்தான் பார்த்தார். அந்தப் பதினொரு நாளும் ஹாஸ்டலில் சிரித்துப் பேசித் திரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும். மறைத்தவர்களை அவர் மன்னிக்கவே இல்லை.

அன்று மாலையே, தமிழ்செல்விக்குத் தெரியாமல், இளஞ்செழியனுக்கு எல்லாவற்றையும் எழுதினார். அப்பா ஏப்ரலில் மாரடைப்பில் போனது, அம்மா அவர் பெயரில் எழுதுவது, ஐடியை மூடப்போவது எல்லாம். 'உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை' என்று முடித்தார்.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. சூரியன் வராத இடம். சுற்றிலும் பனி. அந்தப் பையன் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிட்டால்? இரண்டு நாள் பென்சனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, சர்வர் வேலை என்று சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. தமிழ்செல்வி அப்போது மூலையில் உட்கார்ந்து கடைசிக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

பென்சன் படித்து முடித்தார். நீக்க வேண்டிய ஐடிகளின் பட்டியலை எடுத்து, அதில் பெரியண்ணன் பெயரை மட்டும் பேனாவால் அடித்தார். தலைமை நூலகர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. திரைக்குத் திரும்பி மறுபடி படித்தார்.

'சார், கும்பிட்டுக் கேக்கறேன், அந்த ஐடியை மூடாதீங்க. அப்பாவா உக்காந்து எழுதறதுக்காகத்தான் அம்மா வீட்டை விட்டு வெளியவே வர்றாங்க. நீங்க எனக்கு எழுதினது அவங்களுக்குத் தெரியவே கூடாது.

ஆபீஸ்ல மறைக்கல சார். அப்பா செத்தது எனக்கு அன்னைக்கே தெரியும்.'