கேட்டைக் கழட்டின அன்னிக்கு

கேட்டைக் கழட்டி தேயிலைச் செடி மேல சாய்ச்சாச்சு. அப்பத்தான் எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதுற நல்லுசாமி கிராணி போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு எங்க முன்னால வந்து நின்னாரு.

செத்தோம்! எல்லார் மூஞ்சியும் வீடியோவுல.

ஐடியா என்னோடது. நாங்க குடியிருக்கிற லயத்துலேருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போற வழிய புது மேனேஜர் கேட் போட்டு மூடிட்டாரு. சுத்திப் போனா நாலு கிலோமீட்டர், லோரி ஓடுற ரோடு.

நான் பழைய இங்கிலாந்து கிராமக் கதைன்னா சோறு தண்ணி மறந்து படிக்கிறவ. நூத்தம்பது வருஷத்துக்கு முன்ன அங்க சர்ச்சுக்காரங்க ஊரோட கூடி, வருஷத்துக்கு ஒருநாள் எல்லைய சுத்தி நடப்பாங்களாம். எவனாச்சும் குறுக்க வேலி போட்டிருந்தா, பிடுங்கிப் போட்டுட்டு நடப்பாங்களாம்!

"துரைமாரு ஊருலயே செஞ்சிருக்காங்க. நாம செஞ்சா என்ன லா?"ன்னேன். அறுபது பேரு வந்துட்டாங்க.

இப்ப கிராணி கத்துறாரு. "ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க! எத்தனை வருஷமா இப்படித் திருட்டுத்தனமா நடக்குறீங்க?"

ரஞ்சிதம் அக்கா பூத்தட்டை என் கையில திணிச்சாங்க.

"திருட்டுத்தனமாவா? ரஞ்சிதம்! எழுதிக்கய்யா! அம்பத்திரெண்டு வருஷம்! எங்கம்மா என்னை முதுகுல கட்டிட்டு இதே வழியிலதான் நடந்துச்சு. என்ன செஞ்சிடுவ?"

"சத்தமா சொல்லு, கேக்கல!"

"காதும் போச்சா? அம்பத்திரெண்டு!"

ரெங்கசாமி மாமா முண்டிக்கிட்டு வந்தாரு. "ரெங்கசாமி! நாப்பத்தெட்டு! போ, போட்டுக் குடு. புரமோஷன் கிடைக்கும்!"

கூட்டமே சிரிச்சுது. ஒவ்வொருத்தரா பேரும் வருஷமும் சொல்லி அவரைத் திட்டித் தீர்த்தோம். ஆனா எனக்கு ஒரே பயம். இவங்களுக்கு வேலை போனா எஸ்டேட் குடுத்த லயத்து வீடும் போயிடுமே!

அடுத்த வாரம் அந்த வழியப் பத்தி நில ஆபீஸ்ல விசாரணை. கொழுந்து பறிக்கிற யாருக்கும் மேனேஜர் லீவு குடுக்கல. படிச்சிட்டு இருக்கிற நான் மட்டும்தான் போனேன். மேனேஜர் கிராணியோட வந்து இறங்குறாரு.

"அந்த வழியில யாரும் நடந்ததே இல்ல. எல்லாம் இந்த சுபத்ரா கிளப்பி விட்டது"ன்னு என்னைக் கை காட்டுனாரு மேனேஜர்.

மலாய்க்கார ஆபீசர் என்னைப் பார்த்தாரு. "ரொம்ப வருஷமா நடந்தீங்கன்னு சாட்சி இருக்கா?"

நான் ஒருத்தி. "எல்லாரும் வேலையில இருக்காங்க"ன்னேன்.

கிராணி எழுந்தாரு. போனை ஆபீசர் மேசையில வச்சாரு.

"அறுபது சாட்சி இருக்கு துவான். பேரோட, வருஷத்தோட, அவங்கவங்க வாயாலயே."

"நல்லுசாமி! உனக்கு வேலை வேணாமா?"

கிராணி திரும்பிக்கூடப் பார்க்கல.

"முப்பது வருஷமா நானும் அந்த வழியிலதான் கோயிலுக்குப் போறேன். அறுபத்தொண்ணுன்னு எழுதிக்குங்க துவான்."

சொல்லுங்க, நீங்களும் இப்படி ஒருத்தர வாய் வலிக்கத் திட்டிட்டு, அப்புறம் அவரு மூஞ்சியப் பார்க்க முடியாம நின்னிருக்கீங்களா?