ஆம்ப்ளிஃபயரில் சுட்ட தோசை

"இன்னாம்மா இது, ஆம்ப்புக்குள்ள தோசை சுட்டிருக்கீங்க?"

துளசிராமன் இடுக்கியில் எடுத்துக் காட்டிய கருகின வில்லையைப் பார்த்ததும் லவினா முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மைக் செட், கிடார் ஆம்ப்ளிஃபயர் எது படுத்தாலும் அவர் கடைக்குத்தான் வரும்.

"ஏதாவது பூச்சியா இருக்கும்ண்ணா."

"பூச்சியா? உளுந்து வாசனை அடிக்குது." முகர்ந்து பார்த்தே சொன்னார். இந்த மனுஷனுக்கு மீட்டர் எதற்கு, மூக்கே போதும்.

ஆம்ப்ளிஃபயர் அவள் மாமனார் சைலஸுடையது. பழைய வால்வு செட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் கிடார் வாசிப்பது அதில்தான். பக்கத்துப் பாலகாட்டில் இருந்த அவர்கள் வீட்டில் அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. பெற்ற மகன், லவினாவின் புருஷன் லாய்டே தூசு தட்ட அனுமதி கேட்க வேண்டும்.

நேற்றுக் காலையில் அதிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. நல்ல வேளை, மாமனார் அன்றைக்கே திடீரென்று பெங்களூருக்கு மகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். இன்று சாயங்கால ரயிலில் திரும்புகிறார். அதற்குள் இது பாட வேண்டும். பாடாவிட்டால் இத்தனை நாள் வாங்கிய நல்ல மருமகள் என்ற பெயர் போச்சு. அவர் திட்டுகிறவராக இருந்தால்கூடப் பரவாயில்லை. எதுவும் பேசாமல் நகர்ந்து போகிறவர். அதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

துளசிராமன் உள்ளே டார்ச் அடித்தார். லவினாவும் எட்டிப் பார்த்தாள்.

"கையை வைக்காதீங்க. பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரண்டு நின்னுகினு இருக்கும்." தேங்கியிருந்த கரண்டை முதலில் வடித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இந்த ரெசிஸ்டர் பாருங்க, கலர் கோடே தெரியல, கருகிப்போச்சு. ரெண்டு கண்டென்சரும் பூரி மாதிரி உப்பிகினு இருக்குது. வால்வு மட்டும் தப்பிச்சுது."

"சரியாயிடுமாண்ணா?"

"ஆயிடும். ஆனா எதனால ஆச்சுன்னு தெரியணும், இல்லன்னா மறுபடியும் வேகும். வால்வு அனல் அடிக்கும். அந்த அனல் மேல இருக்கிற வலை வழியா வெளிய போயிடணும். இங்க போகல. யாரோ எதையோ மேல வெச்சு அடைச்சிருக்காங்க. அதுவும் வட்டமா."

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். ரிப்பேர்காரரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். லவினா போட்டு உடைத்துவிட்டாள்.

"மாவுக் குண்டான்ண்ணா."

அவள் வேலூர்ப் பெண். அங்கே ராத்திரி மாவைக் கரைத்து மூடினால், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இந்த ஊர்க் குளிரில் கரைத்தது கரைத்தபடி கிடந்தது. வந்த புதிதில் அவள் அவித்த இட்லியை மாமனார் ஒரு குறையும் சொல்லாமல், தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். லாய்டுதான், "ஆபீஸ்ல பேப்பர் பறக்காம இருக்க உன் இட்லியைத்தான் வெக்கறேன்" என்றான். அன்றைக்கு அழுதே விட்டாள்.

"இந்த வீட்டுல சூடான எடமே இல்லன்னு பொலம்பிகினு இருந்தேன்ண்ணா. அப்புறம் ஒரு நாள் மாமா இதைக் காட்டி, 'மேல கை வெச்சுப் பாரும்மா, எப்படி கதகதன்னு இருக்குது'ன்னாரு. சாயங்காலம் வாசிச்சிட்டு ஆஃப் பண்ணாமலே படுத்துடுவாரு. வால்வு ஆறினா கெட்டுடுமாம். அவரு தூங்கினதும் குண்டானை மேல வெச்சேன். அவரு எழுந்துக்கறதுக்குள்ள எடுத்துட்டேன். மாவு அப்படிப் பொங்கியிருந்துச்சு. அதுலேர்ந்து தெனமும் அப்படித்தான்."

"நேத்து பொங்கி வழிஞ்சு உள்ளயும் எறங்கிடுச்சு" என்று துளசிராமன் முடித்துவைத்தார்.

"மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுண்ணா. நீங்க நல்லா இருப்பீங்க."

"வால்வு ஆறினா கெட்டுடும்னா சொன்னாரு?" துளசிராமன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "ஸ்வல்ப நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தாள். கருகினதையெல்லாம் அவர் கழற்றி எறிந்து புதுசு வைத்துப் பற்றவைப்பதற்குள், தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். கடைசியில் கடையில் கிடந்த ஒரு கிடாரைச் சொருகி அவர் ஒரு தட்டுத் தட்டினார். தெரு நாய் எழுந்து ஓடியது. அப்படி ஒரு சத்தம். லவினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருங்க, இன்னொரு வேலை பாக்கி" என்று துளசிராமன் உள்ளே போய், நாலு கால் வைத்த இரும்பு வளையம் ஒன்றைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயர் தலையில் திருகினார். அதில் அடித்த கறுப்புப் பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

"இது இன்னாண்ணா?"

"குண்டான் ஸ்டாண்டு. இதுமேல வெச்சா அடியில காத்து போகும். ஆம்ப்பும் வேகாது, மாவும் பொங்கும்."

"ஐயோ, வேணாம்ண்ணா. மாமா பாத்தா நான் செத்தேன்."

"செய்யச் சொன்னதே அவருதாம்மா. நேத்து ஸ்டேஷனுக்குப் போற வழியில குண்டான் அளவை நூல்ல புடிச்சுகினு வந்தாரு. 'நான் வீட்ல இருந்தா மருமக பயந்துகினு வராது, அதான் ஊருக்குப் போறேன், ஆம்ப்பைக் கொண்டாந்தா ரிப்பேர் செஞ்சு குடுப்பா'ன்னாரு." துளசிராமன் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றினார். "ஆஃப் பண்ணா எந்த வால்வும் கெடாதும்மா, உங்க மாவு பொங்கணும்னுதான் அந்த மனுஷன் தெனமும் ராத்திரி எரிய விட்டுட்டுப் படுத்திருக்காரு."