வாசலில் யாரும் இல்லை

ஷெர்லியும் கிளமென்டும் முதன்முதலில் பேசியதே சண்டையாகத்தான். புத்தகக் கண்காட்சியில், ஒரு விண்வெளி நாவலுக்கு முன்கதையாக வந்த புத்தகத்தைக் கையில் எடுத்தவளிடம், "அதை எழுதியே இருக்கக் கூடாதுங்க," என்றான். "படிச்சீங்களா மொதல்ல?" என்று கேட்டாள். கடை அடைக்கும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. அடுத்த வருடம் கல்யாணம்.

இப்போது அந்த முன்கதை தொடராக வருகிறது. கண்ணில் மாட்டிக்கொள்ளும் அவரவர் திரைக் கண்ணாடிக்குள், அவரவர் மனசுக்குப் பிடித்த மாதிரி தானே மாறிக்கொண்டு ஓடுகிறது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. உனக்கு?"

"நல்லா இருந்துச்சு."

அதன்பின் சாப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெர்லியின் கண்ணாடியில் சார்ஜ் இல்லை. கிளமென்ட் குளித்துக்கொண்டிருந்தான். அவனுடையதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கேப்டன் விண்கலத்துக்குக் கிளம்பும் காட்சி. அவள் பார்த்த தொடரில் கேப்டனின் மனைவி வாசலில் நின்று அழுவாள். அவன் இரண்டு முறை திரும்பி வருவான். இங்கே வாசலில் யாரும் இல்லை. முதல் பகுதிக்குப் போய்ப் பார்த்தாள். அதே வீடுதான். அவளுடைய தொடரில் கல்யாணப் படம் மாட்டியிருந்த சுவரில் இங்கே ஒரு காலண்டர். கேப்டன் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, சீட்டியடித்தபடி அதைக் கழுவினான்.

கிளமென்ட் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"என்னோடதையா பாத்த? எப்படி இருந்துச்சு?"

ஷெர்லி கண்ணாடியைத் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

"நல்லா இருந்துச்சு. கேப்டன் சந்தோஷமா இருக்கான்."