உட்கார்ந்தால் வளையாது

"உக்காந்தப்ப வளைஞ்சிருச்சுன்னு சொல்றாங்க, தம்பி."

விசாலம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து கைபேசியை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். நேராக இருக்க வேண்டிய அது வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது.

விமலன் பெருமூச்சு விட்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் சர்வீஸ் சென்டரைத் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இதே கதையோடு வந்திருக்கும் மூன்றாவது ஆள் இவள்.

புது மாடல், அட்டை போல மெல்லிசு. 'பாக்கெட்டில் வையுங்கள், தாராளமாக உட்காருங்கள்' என்று கம்பெனி சுவர் முழுக்க விளம்பரம் ஒட்டியிருந்தது. அப்படி உட்கார்ந்து வளைந்தால் புதுசு இலவசம். அன்றிலிருந்து எதன் அடியில் வைத்து நசுக்கினாலும், எல்லாருக்கும் அது உட்கார்ந்ததால் வளைந்த போன்தான்.

அவன் துணியை எடுத்துத் திரையைத் துடைக்கப் போனான்.

"துடைக்காதீங்க!" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. பிறகு தணிந்தது. "அப்படியே பாருங்க, தம்பி."

"யாரோட போன், ஆன்டி?"

"என் வீட்டுக்காரரோடது. கால்சட்டை முன் பாக்கெட்ல இருந்துச்சு."

"அவரையே வரச் சொல்லியிருக்கலாமே?"

"அவரால வர முடியாது. பண்டமாரான்லேருந்து நான்தான் ரயில் ஏறி வந்தேன்."

விமலன் கைபேசியைத் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் ஆழமான வெட்டு; அதில் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது.

"லோரி கீரி ஏறிடுச்சா? உண்மையச் சொல்லுங்க ஆன்டி. உக்காந்து வளைஞ்ச போன் இப்படி இருக்காது."

"விழுந்து உக்காந்தா?"

"விழுந்தாலும் இப்படி ஆகாது."

பின்னால் நாற்காலியில் காத்திருந்த அகமதுவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, பின் பாக்கெட்டிலிருந்து அதே மாடலை உருவிக் கவுண்டரில் போட்டார்.

"அக்கா, நானு நூத்திப் பத்து கிலோ. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் கல்லாவுல இது மேலதான் உக்காந்திருக்கேன். பாருங்க, ஸ்கேல் மாதிரி நேரா இருக்கு. சார்ஜ் ஏறலைன்னுதான் வந்தேன் லா!"

"உங்க கீழ மாட்டுனா சார்ஜுக்கே மூச்சு முட்டும், அங்கிள்," என்றான் விமலன். அகமதுவே விழுந்து விழுந்து சிரித்தார்.

விசாலம் சிரிக்கவில்லை. அந்த நேரான கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது நிச்சயமா உக்காந்து வளையல?"

"நிச்சயமா இல்ல. புது போன் கிடைக்காது, ஆன்டி. சாரி."

"சரி. அதை லெட்டரா எழுதிக் குடுங்க. சாப் அடிச்சு."

விமலன் நிமிர்ந்தான். மற்றவர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள், மேனேஜரைக் கூப்பிடச் சொல்வார்கள். ரப்பர் முத்திரையோடு கடிதம் கேட்பவர்கள் ஒரே ரகம்: கம்பெனி மேல் புகார் கொடுக்கப் போகிறவர்கள். போன மாதம் அப்படி ஒரு புகாரில் மாட்டி, மேனேஜர் ரமணியிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவன் அவன்.

எங்கே கொண்டுபோனாலும் அவள் புகார் எடுபடக் கூடாது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான். கைபேசியை எல்லாப் பக்கமும் படம் எடுத்தான், வளைவை அளந்தான், சீரியல் நம்பரைச் சரிபார்த்தான். ஒரு ஓட்டைகூட விடாமல் ஆங்கிலத்தில் தட்டினான்.

"தமிழ்ல சொல்லுங்க, தம்பி. எனக்கு அவ்வளவா படிக்க வராது."

அவன் விறைப்பாகவே சொன்னான். "பாக்கெட்ல வச்சு உக்காந்தாலோ, வழுக்கி விழுந்தாலோ இந்த மாடல் இப்படி வளையாது. கனமான இரும்பு ஒண்ணு வேகமா வந்து நசுக்கியிருக்கு. வெட்டுன இடத்துல மஞ்சள் பெயிண்ட் இருக்கு. போதுமா?"

"தேதி போட்டீங்களா? உங்க பேரு?"

"எல்லாம் இருக்கு." டொக்கென்று சாப் அடித்துக் கடிதத்தை நீட்டினான்.

விசாலம் அதை மடிக்கவில்லை. கொண்டுவந்த கோப்புக்குள் பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைத்தாள். கைபேசியைப் பழையபடி பைக்குள் போட்டுப் பையின் வாயைக் கட்டினாள். அப்போதுதான் அவள் கன்னத்தில் நீர் வழிவதை அவன் பார்த்தான்.

விமலனுக்கு என்னவோ போலாகிவிட்டது. "அழாதீங்க ஆன்டி. ரிப்பேர் பண்ண முடியுமான்னு நான் கேட்டுப் பாக்குறேன். அங்கிள் திட்டுவாரா?"

"அவரு போயி இருபத்தாறு நாளாச்சு."

அகமது கவுண்டரில் கிடந்த தன் கைபேசியை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"போர்ட் கிள்ளான்ல ஒரு வேர்ஹவுஸ்ல வேலை. படியில வழுக்கித் தானா விழுந்து செத்தாருன்னு அங்க உள்ளவங்க எழுதிட்டாங்க. போன் எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டேன். விழுந்து உக்காந்தப்ப வளைஞ்சிருச்சாம். பக்கத்துல எந்த வண்டியும் வரவே இல்லையாம். நாளைக்கு விசாரணை."

விமலனின் கண்கள் அந்தப் பிளாஸ்டிக் பைக்குப் போயின.

"அப்ப... அந்தப் பெயிண்ட்?"

விசாலம் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அங்க சாமான் தூக்கிட்டு ஓடுற ஃபோர்க்லிஃப்ட் வண்டி எல்லாம் மஞ்சள்தான், தம்பி."