சாரிக்கு என்ன அர்த்தம்?

"மூணு நாளா லிஃப்ட் ஓடலை. மனசாட்சியே கிடையாதாம்மா உங்களுக்கெல்லாம்?"

ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டு வாத்தியார் போனில் கத்தினார். வாட்ச்மேனை நம்பிப் பலனில்லை என்று, லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து இன்று அவரே நம்பரைப் போட்டிருந்தார்.

"சார், இது வந்து..." என்றது ஒரு பெண்குரல்.

"குறுக்கே பேசாதீங்க! என் மனைவிக்குக் கால் முறிஞ்சு மாவுக்கட்டு. இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிக்கணும். அஞ்சு மாடியும் அவளைத் தூக்கிக்கிட்டா இறங்குறது?"

"ஐயையோ... சாரி சார்."

அந்த வார்த்தைதான் அவருக்கு ஆகாது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துபவர். லேட்டாக வந்தால் சாரி, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் சாரி, காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே ஒரு சாரி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

"சாரின்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?"

"சார், நான் சொல்றதை ஒரு நிமிஷம்..."

"அடுத்தவங்க வலி நமக்கும் வலிக்குதுன்னு அர்த்தம்! வாய் சும்மா இருக்கேன்னு சொல்றதுக்கு இல்ல. எங்கே, உங்களுக்கு இப்ப வலிக்குதா?"



"எந்த பில்டிங் சார்?"

"அதுகூடத் தெரியாதா? நல்லா நடத்துறீங்க கம்பெனி!"

விலாசத்தை எரிந்து விழுந்து சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"முகம் தெரியாத பொண்ணுகிட்ட இப்படியா வள்ளுன்னு விழுவீங்க?" என்றாள் மனைவி, நாற்காலியில் காலை நீட்டியபடி.

"விழுந்தாத்தான் இங்கே வேலை நடக்கும்."

நடந்தது. ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்தான். மூன்று மணிக்கெல்லாம் லிஃப்ட் ஓடியது. மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன தம்பி, நான் போட்ட சத்தத்துல உங்க ஆபீஸே ஆடிப்போயிருக்குமே?"

மெக்கானிக் விழித்தான்.

"எங்களுக்கு நீங்க போனே பண்ணலையே சார். எங்க நம்பர் எட்டுல முடியும். ஸ்டிக்கர் அழிஞ்சு மூணு மாதிரி தெரியுது. மூணுல முடியறது யாரோ ஒரு தையல்கார அம்மாவோட நம்பர்."

"அப்ப... உன்னை அனுப்பினது யாரு?"

"அவங்கதான். எப்படியோ எங்க நம்பரைத் தேடிப் பிடிச்சு, 'கிளம்பியாச்சா, சரி பண்ணியாச்சா'ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை உயிரை எடுக்குறாங்க சார். இப்பக்கூடக் கூப்பிட்டாங்க, 'அந்தம்மா பத்திரமா கீழே இறங்கிட்டாங்களா'ன்னு!"